மருமகள் கொடுத்த கனெக்‌ஷன்

இன்ஜினியரிங் படித்தவர்களை நம்பி வீட்டில் ஒரு பல்புகூட மாட்டச் சொல்லக் கூடாது. யாரையோ குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானே எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்தான். ஒழுங்காகப் படித்து, நல்ல மார்க்கோடு வெளியே வந்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். (மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) இத்தனை வருடத்தில் எலெக்ட்ரானிக்ஸுக்கும் எனக்கும் இருந்த நேரடித் தொடர்பு, செல்போன் சார்ஜரைச் செருகிப் பிடுங்குவது மட்டும்தான்.

ஆனால் கல்யாணமாகி திருப்பத்தூரிலிருந்து பெங்களூரு ஆஸ்டின் டவுனுக்கு வந்த நாள் முதலாக, மாமியார் வீட்டில் எனக்கு 'இன்ஜினியர் மருமகள்' என்று பெயர். மிக்ஸி நின்றுபோனால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கி, ஒருமுறை ஊதிவிட்டு, திரும்பச் செருகுவேன். அது பாட்டுக்கு ஓடும். டிவி ரிமோட் மக்கர் பண்ணினால் பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டிப் போடுவேன். அதுவும் ஓடும். இப்படிச் சும்மா வந்த பேரை வைத்துக்கொண்டு கமுக்கமாகக் காலத்தை ஓட்டியிருக்கலாம். என் வாய் விடவில்லை.

வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், என் கணவர் பிரவீன், அத்தை, மாமா. அத்தை ரெஜினா, கான்வென்ட் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் அவர் "சைலன்ஸ்" என்று சொன்னால் பிரஷர் குக்கர்கூட விசிலடிக்க யோசிக்கும். மாமா ஆரோக்கியராஜ் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகடுகளை அடித்து வளைக்கிற பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தவர். ரிட்டயரானதும் தனக்குத் தானே செய்துகொண்ட மரியாதையாக ஒரு பழைய ஸ்டீரியோ செட் வாங்கினார். இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், நடுவில் குமிழ்களும் விளக்குமாக ஒரு கனத்த ஆம்ப்ளிஃபயர். காலையில் எழுந்ததும் அவர் முதலில் முகம் கழுவுவார், பிறகு அதைத் துடைப்பார்.

அந்த செட் வைத்திருந்த விதம் கொஞ்சம் விசித்திரமானது. மாமாவின் அறையில் பீரோவும் கட்டிலும் போக ஆம்ப்ளிஃபயருக்குத்தான் இடம் இருந்தது. ஸ்பீக்கர் இரண்டும் ஹாலில் நின்றன. சுவரில் ஒரு ஓட்டை போட்டு அதன் வழியாக வயர் போகும். ஹாலில் மாதா சுரூபம் வைத்த மேடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அத்தை இரண்டின் மேலும் குரோஷா பின்னல் துணி விரித்து, பிளாஸ்டிக் பூ வைத்த ஜாடிகளை ஏற்றிவிட்டார். தெரியாதவர்கள் பார்த்தால் அதுவும் பீடத்தின் ஒரு பாகம் என்றுதான் நினைப்பார்கள்.

பிரச்சினை சத்தம்தான். மாமா பாட்டு போட்டால் தெருமுனையில் ஆட்டோக்காரர் தாளம் போடுவார். அத்தை தன் வகுப்பறைக் குரலில் "சாக்கு, போதும், கம்மி பண்ணுங்க" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்துவார். மாமா காதில் விழாத மாதிரியே இருப்பார்.

இதோடு ஜெபச் சண்டை வேறு. எங்கள் தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு அன்பியம் உண்டு. மாதத்துக்கு ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். எல்லோரும் சேர்ந்து சொல்லி முடித்து, அடுத்ததை ஆரம்பிக்கும் இடைவெளியில் மாமாவின் குரல் மட்டும் தனியாகக் கிளம்பும். கணீரென்று, முழு பாதியையும் சொல்லி முடிப்பார். சின்னப் பிள்ளைகள் சிரிக்கும். ஒருநாள் பக்கத்து வீட்டு சகாயம் அக்காவே சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அத்தை, "வேணும்னே பண்றீங்க, என் மானத்தை வாங்கத்தான்" என்றார். அதற்கப்புறம் மாமா ஜெபத்துக்கே வருவதில்லை. எங்கள் வீட்டில் கூட்டம் நடந்தால் தன் அறையில் உட்கார்ந்துகொண்டு பாட்டைப் போட்டுவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை ராத்திரி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை தீர்ப்பை வாசித்தார்.

"வெள்ளிக்கிழமை அன்பியம் நம்ம வீட்ல. ஃபாதரும் வர்றாரு. இந்தத் தடவ உங்க செட்டுலேர்ந்து ஒரு சின்ன சத்தம் வந்தாலும், அன்னிக்கே அது ஒக்கலிபுரம் போயிடும். தம்பிகிட்ட சொல்லிட்டேன்."

தம்பி என்றால் அத்தையின் தம்பி. ஒக்கலிபுரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கமாக டிபன் கடை வைத்திருக்கிறார். அந்த ஸ்பீக்கர்களின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். கடையில் வைத்தால் பிளாட்பாரம் வரைக்கும் கேட்குமாம். சொந்தமாக டெம்போவும் இருக்கிறது.

மாமா தட்டைப் பார்த்தபடியே இருந்தார். அத்தை திரும்பவும், இன்னும் சத்தமாகச் சொன்னார். அப்போதுதான் மாமா நிமிர்ந்தார். மீதி தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். தன் அறைக்குப் போய் விளக்கைக்கூடப் போடாமல் அந்த செட்டின் முன்னால் உட்கார்ந்ததைப் பார்த்தேன். இந்த வீட்டில் என்னிடம் முதல்முதலில் சிரித்துப் பேசியவர் அவர்தான்.

அங்கேதான் என் வாய் திறந்தது.

"இதுக்கு ஏன் அத்தை செட்டையே அனுப்பணும்? ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் வாங்கி அதுல கனெக்ட் பண்ணிட்டா முடிஞ்சுது. மாமா பாட்டு மாமா காதுக்கு, உங்க ஜெபம் உங்களுக்கு."

"அப்படின்னா?"

"மாமா செட்டுல ஹெட்ஃபோன் மாட்ட ஓட்டையே கிடையாது, பழசு. அதனால நடுவுல ஒரு சின்னப் பெட்டி வெக்கணும். அந்தப் பெட்டியில ஹெட்ஃபோன மாட்டிக்கலாம்."

"யாரு கனெக்ட் பண்றது?"

"நான்தான்."

பிரவீன் என் பக்கம் சாய்ந்து, "உனக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார். "இதெல்லாம் ஃபர்ஸ்ட் இயர் சமாச்சாரம்" என்றேன். (எங்களுக்கு ஃபர்ஸ்ட் இயரில் இருந்தது கெமிஸ்ட்ரியும் இன்ஜினியரிங் டிராயிங்கும்.) அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, உன்னை நம்பி விடறேன். ஆனா சத்தம் வந்தா ஒக்கலிபுரம்தான்" என்றார்.

ஆன்லைனில் ஆர்டர் போட்ட பெட்டி வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான். கூடவே காதை மொத்தமாக மூடிக்கொள்ளும் பெரிய ஹெட்ஃபோன் ஒன்று. உள்ளே எறும்பு எழுத்தில் ஒரு மேனுவலும் இருந்தது. மேனுவல் படிப்பது இன்ஜினியர் அல்லாதவர்களின் வேலை என்பதால் அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாக ஆபீசில் சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை (எங்குமே தேவைப்படவில்லை) கையில் பிடித்துக்கொண்டு மாமாவின் அறைக்குள் நுழைந்தேன்.

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் பூராவும் சிவப்பும் வெள்ளையுமாக ஓட்டைகள். எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. நல்லவேளையாக ஒரு ஜோடி ஓட்டையின் மேல் 'ரெக் அவுட்' என்று எழுதியிருந்தது. ரெக் என்றால் என்னவோ இருக்கட்டும், அவுட் என்றால் வெளியே வருவது. எனக்கு வேண்டியதும் அதுதான். செருகினேன்.

இந்த இடத்தில் காலேஜில் கற்றுக்கொண்ட ஒரே ஒரு பாடம் ஞாபகத்துக்கு வந்தது. லேபில் எதை கனெக்ட் செய்வதற்கு முன்பும் வால்யூமை ஜீரோவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியே செய்தேன். ஆம்ப்ளிஃபயரின் பெரிய குமிழை ஜீரோவுக்குத் திருப்பினேன். மாமாவின் போனில் பாட்டைப் போட்டேன். பழைய செட்டுக்கு மாமா தனியாக வாங்கி மாட்டியிருந்த ப்ளூடூத் ரிசீவர் வழியாக அது செட்டுக்குப் போகும். ஹெட்ஃபோனைக் காதில் வைத்தேன். ஜம்மென்று பாட்டு. ஹாலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஸ்பீக்கரில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

ஆகா, செல்போனில் ஹெட்ஃபோன் மாட்டினால் வெளிச்சத்தம் தானாக நின்றுவிடுகிறதே, அதே மாதிரிதான் இதுவும் என்று முடிவுகட்டினேன். ஸ்பீக்கர் சும்மா இருந்ததற்குக் காரணம் நான் குமிழை ஜீரோவில் வைத்திருந்ததுதான் என்று என் மூளைக்கு எட்டவில்லை. ஒரு டெஸ்ட் பாஸானால் இன்னொரு விதமாகவும் சோதித்துப் பார் என்று ஜூனியர்களுக்கு தினமும் பாடம் எடுக்கிறவள் நான்.

மாமாவைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகம் மலர்ந்தது. பிறகு இடது காதைத் தொட்டார்.

"இந்தப் பக்கம் மட்டும் கம்மியா இருக்கே ஜெனி."

வயரைக் கழற்றி மாற்றிச் செருகினேன்.

"இப்ப?"

"அதே பக்கம்தான்."

ஹெட்ஃபோனையே இடதுவலது மாற்றி மாட்டிவிட்டேன்.

"இப்ப?"

"இப்பவும் அதே பக்கம்தாம்மா."

நான் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டது. இதற்கு இன்ஜினியரிங்கில் ஏதாவது விளக்கம் இருக்கும் என்று யோசித்து, செருப்புக்கடைக்காரர் சொல்கிற பதிலைச் சொன்னேன். "புதுசு இல்லையா மாமா. ஓட ஓட சரியாயிடும்."

அவர் தலையாட்டிக்கொண்டார். பாவம், என்னை நம்பினார். அன்றே தன் போனில் என் பெயரை 'ஜெனி இன்ஜினியர் மருமகள்' என்று மாற்றிப் பதிந்துகொண்டார். அவர் போன் யார் கூப்பிட்டாலும் பெயரைச் சத்தமாக வாசித்துச் சொல்லும். பெரியவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவளும் நானேதான்.

சாயங்காலம் ஆட்கள் வருவதற்கு முன்னால் மாமாவுக்குக் கட்டளைகள் கொடுத்தேன். "சின்னப் பெட்டியைத் தொடாதீங்க, உங்க அளவுக்கு நல்லா ஏத்தி செட் பண்ணி வெச்சிருக்கேன். கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கோங்க, இல்லன்னா யாராவது எட்டிப் பாத்து ஜெபத்துக்கு வரலையான்னு கேப்பாங்க. ஹெட்ஃபோனைக் கழட்டாதீங்க. முக்கியமா, ஜெபம் முடியற வரைக்கும் யார் போன் பண்ணாலும் எடுக்காதீங்க. கட் பண்ணிடுங்க."

"ஆயித்து, சரிம்மா" என்றார் மாமா. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, ஒரு பெரிய காரியத்தைச் சாதித்த நிம்மதியில் பாயில் போய் உட்கார்ந்தேன்.

ஹால் நிறைந்திருந்தது. ஃபாதர் பிளாஸ்டிக் நாற்காலியில், மாதாவுக்கு நேர் எதிரே. சகாயம் அக்கா முதல் வரிசையில். அத்தையின் தம்பியும் வந்திருந்தார். டெம்போ வாசலிலேயே நின்றது. ஜெபத்துக்குத்தான் வந்தேன் என்றார், ஆனால் கையில் ஒரு கயிற்றுச் சுருளும் இருந்தது. பிரவீன் மட்டும் இன்னும் வரவில்லை. கம்பெனி கேப் மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

மெழுகுவத்தி ஏற்றி, பாட்டுப் பாடி, அத்தை ஜெபமாலையை ஆரம்பித்தார். மாலையில் பத்துப் பத்தாக ஐம்பது மணிகள்; முதல் பத்து நல்லபடியாகப் போனது. அத்தை என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவர் எனக்குக் கொடுத்த முதல் பாராட்டு அது.

இரண்டாவது பத்தில் எங்கிருந்தோ டும் டும் என்று ஒரு தாளம் வந்தது. மெல்லியதாகத்தான். அத்தை ஜெபத்தை நிறுத்தாமல் ஜன்னலை ஒரு முறை முறைத்தார். சகாயம் அக்கா எட்டி ஜன்னலைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தியதும் தாளம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். ஜாடியில் இருந்த பிளாஸ்டிக் பூக்கள் ஆடிக்கொண்டிருந்தன.

சத்தம் படிப்படியாக ஏறியது. யாரோ நிதானமாக, ரசித்து ரசித்து ஒரு குமிழைத் திருப்புகிறார்கள் என்பது புரிந்தது. மாமா வைத்திருந்தது ஒரு பழைய கிளப் டான்ஸ் பாட்டு. ஒரு பெண் மூச்சுவாங்கப் பாடிவிட்டு நடுநடுவே சிரிப்பாள், அந்த வகை. அத்தை முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். நாங்கள் மறுபாதியைச் சொல்ல வாயைத் திறந்தோம். மாதாவின் இரண்டு பக்கமிருந்தும் அந்தப் பெண் சிரித்தாள்.

ஃபாதர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன்.

எழுந்து ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "மாமா, மாமா." பதிலில்லை. காதை மொத்தமாக மூடுகிற ஹெட்ஃபோன்தான் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கியவள் நான். இடித்தேன். பாட்டு இன்னும் ஒரு படி ஏறியது.

போன் செய்வோம் என்று தோன்றியது. செய்தேன். பாட்டு சட்டென்று நின்றது. ஹால் முழுக்க அமைதி. அப்பாடா என்று நினைத்த அடுத்த நொடி, இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு இயந்திரப் பெண்குரல் ஊருக்கே அறிவித்தது.

"ஜெனி இன்ஜினியர் மருமகள் காலிங்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மாமா, நான் சொல்லிக்கொடுத்தபடியே, கட் செய்தார். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மறுபடி செய்தேன். "ஜெனி இன்ஜினியர் மருமகள் காலிங்." கட். மூன்றாம் முறை செய்யப் போனபோது அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு, "போதும், யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு" என்றார்.

பிரவீனைக் கூப்பிட்டேன். "மேம்பாலத்துல நிக்கறேன், என்ன அது சத்தம், யாராவது கல்யாணமா?" என்றார். "உங்கப்பா செட்டு." "நீதானே கனெக்ட் பண்ணே?" போனை வைத்துவிட்டேன்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட அது தோன்றியிருக்கும். நான் இன்ஜினியர் ஆயிற்றே, வேரிலேயே வெட்ட நினைத்தேன். வாசலுக்கு ஓடி மெயின் ஸ்விட்சை அணைத்தேன்.

வீடு இருண்டது. ஃபேன் நின்றது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாதாவின் முகம் மட்டும் தெரிந்தது. பாட்டு நிற்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது. பவர் கட்டின்போது ஹால் லைட்டுக்கும் ஃபேனுக்கும் என்று வாங்கிய யூபிஎஸ் வயரை மாமா எப்போதோ எலெக்ட்ரீஷியனை வைத்துத் தன் செட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். போன வெயில் காலம் முழுக்க நாங்கள் ஹாலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கும், மாமா அறையில் பாட்டு ஓடியதற்கும் அன்றுதான் காரணம் கிடைத்தது. அத்தைக்கும் அந்த இருட்டில்தான் அது புரிந்திருக்க வேண்டும். "யூபிஎஸ்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அந்தக் குரலை நான் இன்னொரு முறை கேட்க விரும்பவில்லை. அத்தையின் தம்பி எழுந்து ஸ்பீக்கர் பக்கமாகப் போய், கையை விரித்து அகலத்தை அளந்துகொண்டிருந்தார்.

அப்போது தாழ்ப்பாள் திறந்தது. அறையில் விளக்கு அணைந்துவிட்டதால் மாமா எழுந்து வந்திருக்கிறார். காதில் ஹெட்ஃபோனோடு, முகம் கொள்ளாத சிரிப்போடு வாசலில் நின்று, அந்தப் பாட்டையும் மிஞ்சுகிற குரலில் சொன்னார்:

"கரண்ட் போச்சா? பாத்தியா ஜெனி, பாட்டு நிக்கவே இல்ல. யூபிஎஸ்ல போட்டிருக்கேன்."

ஓரடி முன்னால் வந்தார். வயர் இழுபட்டு, பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டது. காதில் பாட்டு நின்றுபோய்விட்டது, ஆனால் ஹாலில் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் ஹெட்ஃபோனை மெதுவாகக் கழற்றினார். மெழுகுவத்திக்குப் பின்னால் இருந்த எங்கள் முகங்களைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே வடிந்தது. உள்ளே போய் செட்டை அணைத்தார். யாரோ மெயினைப் போட, வெளிச்சம் வந்தது. இருட்டே பரவாயில்லை என்று தோன்றியது.

"நான் வேணும்னு பண்ணலை" என்றார் மாமா. அத்தையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "சத்தம் பத்தலைன்னு ஸ்வல்ப ஏத்தினேன். ஏறவே இல்லை. கடைசி வரைக்கும் திருப்பிட்டேன், அப்பவும் ஏறலை."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. ரெக் அவுட் என்பது அந்தக் காலத்தில் கேசட்டில் பாட்டைப் பதிந்துகொள்ள வைத்த ஓட்டை. பெரிய குமிழை என்ன திருப்பினாலும் அதில் வருகிற சத்தம் மாறாது. குமிழ் ஸ்பீக்கருக்கு மட்டும்தான். மாமா திருப்பத் திருப்ப அவர் காதில் அதே சத்தம்; ஹாலில் மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அவர் தொட்டிருக்க வேண்டியது சின்னப் பெட்டியை. அதைத் தொடாதீர்கள் என்று சொன்னது யார்? இன்ஜினியர் மருமகள். "என் தப்புதான் அத்தை" என்று ஆரம்பித்து, ஃபாதர் முன்னாலேயே இதையெல்லாம் விளக்கினேன். ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் தப்பு என்னுடையது என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

அத்தைக்குச் சமாதானமாகவில்லை. "பத்தலையாம், பத்தலை. குடுங்க அதை" என்று ஹெட்ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே ஓடி, பிடுங்கிக்கொண்ட வயரைப் பெட்டியில் செருகி, மாமா அணைத்திருந்ததைப் போட்டு, இந்த முறை மறக்காமல் குமிழை ஜீரோவில் வைத்தேன். அத்தை ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். மாட்டிய வேகத்தில் கழற்றினார்.

"ஐயோ, காதைக் கிழிக்குது. இதுவா பத்தலை?"

மாமா தன் இடது காதைத் தேய்த்துக்கொண்டார்.

"ரெண்டு பக்கமும் இடி மாதிரி கேக்குது. உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"இந்தப் பக்கம் மட்டும் சரியா வரலை" என்று இடது காதைக் காட்டினார் மாமா. "புதுசு, ஓட ஓட சரியாயிடும்னு ஜெனி சொன்னா."

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். வயரை மாற்றினேன், ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டினேன், எல்லாவற்றையும் சோதித்தேன். காதைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவே இல்லை. வெட்கத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அத்தை அவர் இடது பக்கமாகப் போய் நின்று, சாதாரணக் குரலில், "என்னங்க" என்று கூப்பிட்டார். மாமா திரும்பவில்லை. வலது பக்கம் வந்து கூப்பிட்டார். திரும்பினார்.

"எத்தன நாளா இப்படி?"

"வேலையில இருக்கும்போதே ஆரம்பிச்சுடுச்சு. அந்த மெஷின் பக்கத்துலயே நின்னு நின்னு..."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா காதுல மெஷின் மாட்டி விட்டுருவ. கெழவன் மாதிரி இருக்கும்."

அத்தை கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஜெபத்தில் எல்லோருக்கும் பின்னால் தனியாகக் கிளம்பிய அந்தக் குரல் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது. முதல் பாதி எப்போது முடிகிறது என்பதே தெரியாத மனிதர், மற்றவர்கள் வாயைப் பார்த்துத் தோராயமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்காகத்தான் திட்டு வாங்கியிருக்கிறார், அதற்காகத்தான் வராமலே இருந்துவிட்டார்.

ஹாலில் ஃபாதர் தொண்டையைச் செருமினார். "இன்னும் மூணு பத்துக்கு மேல பாக்கி இருக்கும்மா." அவர் கண் சிவந்திருந்தது. அழுகை இல்லை, சிரிப்பை அடக்கிய சிவப்பு என்பது அப்போதுதான் தெரிந்தது.

அத்தை எழுந்து மாமாவின் கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிவந்தார். பாயில் தன் இடப்பக்கம் உட்கார வைத்துக்கொண்டார், அவருடைய வலது காது தன் பக்கம் இருக்கும்படி. ஒவ்வொரு முறையும் முதல் பாதி முடிந்ததும் அவர் முழங்கையைத் தொட்டார். மாமா எல்லோரோடும் சேர்ந்து, ஒரு சொல்கூடப் பிந்தாமல் பதில் சொன்னார். சகாயம் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெபம் முடிந்து எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டதும் அத்தையின் தம்பி, "அப்ப செட்டு?" என்று இழுத்தார். அத்தை அவர் கையில் பஜ்ஜிப் பொட்டலத்தை வைத்து, "ஜாக்கிரதையா போ" என்றார். டெம்போ காலியாகவே ஒக்கலிபுரம் போனது.

மாமா இப்போது காதில் மெஷின் போட்டிருக்கிறார். செட் அதே இடத்தில் இருக்கிறது, சத்தம்தான் பாதியாகிவிட்டது. ஜெபத்துக்குத் தவறாமல் வருகிறார். ஒரே சிக்கல், இப்போது அவருக்கு எல்லாமே கேட்கிறது. அத்தை சமையலறையில் முணுமுணுப்பதற்கெல்லாம் ஹாலிலிருந்து பதில் வருகிறது. "முன்னாடியே நிம்மதியா இருந்தேன்" என்கிறார் அத்தை. அதற்கும் பதில் வருகிறது. யூபிஎஸ் ஹாலுக்குத் திரும்பிவிட்டது.

என் நிலைமைதான் சொல்லும்படியாக இல்லை. எங்கள் தெருவில் எது தப்பாக இணைந்தாலும் அதற்கு 'ஜெனி கனெக்‌ஷன்' என்று பெயர். போன மாதம் மேல்வீட்டு பம்பைப் போட்டதும் தண்ணீர் கீழ்வீட்டுத் தொட்டியில் விழுந்தது. பிளம்பரை வரச்சொன்ன சகாயம் அக்கா, "ஜெனி கனெக்‌ஷன் ஆயிடுச்சு, சீக்கிரம் வாப்பா" என்றாராம். பிளம்பருக்கும் புரிந்ததாம். மிக்ஸி நின்றால் இப்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் பக்கத்தில் போனால் பிளக்கைக் கையால் மூடிக்கொள்கிறார்கள்.

மாமா தன் போனில் என் பெயரையும் மாற்றிவிட்டார். அதில் இன்ஜினியரும் போய்விட்டது, மருமகளும் போய்விட்டது. இது எனக்குத் தெரிந்ததே போன ஞாயிற்றுக்கிழமைதான். பூசை முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில், மாமாவைத் தேடிப் பிடிக்க முடியாமல் கோயில் வாசலிலிருந்து போன் செய்தேன். தூரத்தில் ஃபாதரோடு பேசிக்கொண்டிருந்தவரின் சட்டைப் பையிலிருந்து அந்த இயந்திரப் பெண்குரல், பூசைக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் அறிவித்தது.

"மகள் ஜெனி வயரைத் தொடாதே காலிங்."